வணிகத்தை அடைத்தால் பயங்கரவாதம் அடங்குமா? காப்டன் முதல் அட்டாரி வரை

துறைமுகத்தான்:

நான் தூத்துக்குடியில் சுங்க முகவர். பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிச் சரக்குக்கான சுங்கப் படிவம்) போட்டே இருபத்திரண்டு ஆண்டுகள் ஓடிவிட்டன. சென்ற மாதம் ஏகாதசிக்கு முதல் நாள் அத்தை இந்துப்பு வாங்கி வரச் சொன்னார். நாட்டு மருந்துக் கடைக்காரர் மிச்சமிருந்த கால் கிலோவை நிறுத்துக் கொடுத்துவிட்டு, "இனி வருமோ வராதோ" என்றார். சிந்து நாட்டு உப்பு என்பதுதான் அந்தப் பெயருக்கே பொருள் என்பார்கள். அதில் பெரும்பகுதி பாகிஸ்தான் பஞ்சாபின் கேவ்ரா சுரங்கத்தில் வெட்டப்படுவது.

பின்னணி எல்லோருக்கும் தெரியும். 2019 பிப்ரவரியில் புல்வாமாவுக்குப் பிறகு, 1996 முதல் பாகிஸ்தானுக்குக் கொடுத்திருந்த மற்ற நாடுகளுக்குள்ள அதே வரிதான் என்னும் 'மிகவும் வேண்டப்பட்ட நாடு' தகுதியைத் திரும்பப் பெற்று, அங்கிருந்து வரும் சரக்குக்கு 200 சதவீத வரி போட்டோம். அந்த ஆகஸ்டில் பாகிஸ்தான் தன் பக்கத்துக் கதவை அடைத்தது. 2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்டார்கள். மே 2 அன்று பாகிஸ்தானில் விளைந்தது, தயாரானது எதுவும் நேராகவோ வேறு நாடு சுற்றியோ வரக்கூடாது என்று அறிவிப்பு வந்தது.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். கொன்றவனைத் தேடிப் பிடிப்பதிலும் தண்டிப்பதிலும் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் வணிகத்தை அடைப்பது அவனைத் தொடுவதில்லை. பஞ்சாப் எல்லையிலுள்ள அட்டாரியில் மூட்டை தூக்கிய ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத்தான் தொட்டது. 2017-18ல் நாம் பாகிஸ்தானிடம் வாங்கியது 50 கோடி டாலருக்கும் குறைவு. விற்றதோ 190 கோடி டாலருக்கு மேல். பருத்தியும் மருந்து மூலப்பொருளும் விற்றவர்கள் நம் ஆட்கள்.

ரிச்சர்ட் காப்டனை இப்போது படித்துக்கொண்டிருக்கிறேன். மான்செஸ்டரில் துணி அச்சிட்டு விற்றவர். வெளிநாட்டுத் தானியத்துக்கு வரி போட்ட இங்கிலாந்தின் தானியச் சட்டங்கள் 1846ல் ஒழிந்ததில் அவருடைய இயக்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அரசுகளுக்கு இடையே தொடர்பு எவ்வளவு குறையுமோ குறையட்டும், மக்களுக்கு இடையே எவ்வளவு பெருகுமோ பெருகட்டும் என்பது அவர் வாழ்நாள் முழுக்கச் சொன்னது. அவருக்குத் தடையற்ற வணிகமும் பிறர் நாட்டில் தலையிடாமையும் ஒரே கொள்கை. இன்று அதை நாம் இரண்டாக வெட்டிவிட்டோம். வணிகம் வேண்டும் என்பவர் படையும் அனுப்பலாம் என்கிறார். படை வேண்டாம் என்பவர் வணிகத்தை அடை என்கிறார்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுதுங்கள். குறிப்பாகப் படையில் இருந்தவர்கள்.

ஓய்வுபெற்ற சுபேதார்:

அழைத்ததால் எழுதுகிறேன், தம்பி. பூஞ்ச் பகுதியில் இரண்டு முறை பணியில் இருந்தவன் நான். புல்வாமாவில் இறந்த 40 பேரில் இருவர் நம் தூத்துக்குடி, அரியலூர் மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். அந்த இரண்டு வீடுகளின் வாசலில் நின்று இந்துப்பு விலையைப் பேச முடியாது.

ஒரு செய்தியை நீங்கள் விட்டுவிட்டீர்கள். வணிகம் எப்போதும் அப்பாவி இல்லை. 2008 அக்டோபரில், காஷ்மீரை இரண்டாகப் பிரிக்கும் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டி வணிகம் தொடங்கினார்கள். சலாமாபாத் ஒரு வழி, சக்கன்-தா-பாக் இன்னொரு வழி. பிரிந்த குடும்பங்களும் உள்ளூர் வியாபாரிகளும் பிழைக்கட்டும் என்ற நல்ல எண்ணம். என்ன ஆயிற்று? லாரிகளில் போதைப்பொருள் பிடிபட்டது. பாதாம் வணிகத்தில் மிஞ்சிய பணம் பிரிவினைக் குழுக்களுக்குப் போகிறது என்று தேசியப் புலனாய்வு முகமை 2016ல் வழக்குப் பதிவு செய்தது. 2019 ஏப்ரலில் மத்திய அரசு அந்த வழியை நிறுத்தியபோது ஆயுதம், போதைப்பொருள், கள்ளநோட்டு என்று மூன்றையும் காரணமாகச் சொன்னது.

நீங்கள் காப்டனைக் காட்டுகிறீர்கள். அவருக்கும் மூத்தவர் ஆடம் ஸ்மித். 1776ல் வெளிவந்த அவருடைய நூலிலேயே, செல்வத்தைவிடப் பாதுகாப்பு முக்கியம் என்று தெளிவாக எழுதியிருக்கிறார். பிற நாட்டுக் கப்பல்களைத் தடுத்த கப்பல் போக்குவரத்துச் சட்டத்தை அவர் அந்தக் காரணத்துக்காகவே ஏற்றுக்கொண்டார். தடையற்ற வணிகத்தின் தந்தையே வகுத்த விதிவிலக்கு அது.

வரலாற்று மாணவி:

சுபேதார் ஐயா சொன்ன ஸ்மித் மேற்கோள் சரியானதுதான். ஆனால் அதே பகுதியில், அந்தச் சட்டம் வெளிநாட்டு வணிகத்துக்கும் அதனால் வளரும் செல்வத்துக்கும் நல்லதல்ல என்பதையும் அவர் மறைக்காமல் எழுதினார். பாதுகாப்புக்காக ஒரு விலை கொடுக்கிறோம் என்று தெரிந்தே கொடுங்கள் என்பதுதான் அவர் நிலை. நம்மிடம் அந்த விலையை யாரும் சொல்வதில்லை.

காப்டன் பற்றி எனக்கு மிகவும் பிடித்த நிகழ்ச்சி ஒன்று இருக்கிறது. 1856 அக்டோபரில் கான்டன் துறைமுகத்தில் 'ஆரோ' என்ற படகைச் சீன அதிகாரிகள் சோதனையிட்டார்கள். பிரிட்டிஷ் கொடியை அவமதித்துவிட்டார்கள் என்று சொல்லி ஹாங்காங் ஆளுநர் ஜான் பௌரிங் கான்டன் மீது குண்டு வீசச் செய்தார். இந்த பௌரிங் யார்? தானியச் சட்ட எதிர்ப்பு இயக்கத்தில் காப்டனோடு நின்றவர், தடையற்ற வணிகத்தை மதம்போல் போற்றியவர். அந்தப் பழைய நண்பரின் செயலைக் கண்டித்து 1857 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் தீர்மானம் கொண்டு வந்தவர் காப்டன். 263க்கு 247 என்று தீர்மானம் வென்றது. பிரதமர் பாமர்ஸ்டன் உடனே தேர்தலுக்குப் போனார். காப்டன் ஹடர்ஸ்ஃபீல்டில் தோற்றார். அவருடைய தோழர் ஜான் பிரைட் மான்செஸ்டரிலேயே தோற்றார். துணி ஆலைகள் நிறைந்த ஊர், சீனச் சந்தையால் லாபம் பெறக்கூடிய ஊர், அவர்களைக் கைவிட்டது.

துப்பாக்கி முனையில் சந்தையைத் திறப்பது வணிகமே அல்ல என்பதற்காகத் தங்கள் பதவியை இழந்தவர்கள் அவர்கள். பிரைட் 1882ல் மறுபடியும் அதையே செய்தார். அலெக்சாந்திரியா மீது பிரிட்டிஷ் கடற்படை குண்டு வீசியதும் கிளாட்ஸ்டன் அமைச்சரவையிலிருந்து விலகினார்.

எல்லோரும் அப்படி இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஜான் ஸ்டூவர்ட் மில் 1859ல் தலையிடாமை பற்றி எழுதிய கட்டுரையில், அந்த விதி நாகரிகமடைந்த நாடுகளுக்கு மட்டும்தான் என்றார். நம்மை அந்தக் கணக்கில் அவர் சேர்க்கவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியில் 35 ஆண்டுகள் வேலை பார்த்தவர் அவர். விடுதலையைப் பற்றி அவ்வளவு ஆழமாக எழுதியவரிடம் இதைப் படித்த அன்று எனக்கு நெடுநேரம் மனம் ஆறவில்லை.

தாதுவருடம்:

காப்டனைப் புகழ்ந்தது போதும். இந்தக் கொள்கை நம் ஊருக்கு வந்தபோது என்ன செய்தது என்று பாருங்கள். சேலத்தில் என் பாட்டியின் பாட்டி பிழைத்து வந்தது 1876-78 பஞ்சத்திலிருந்து. தாது வருடப் பஞ்சம் என்று இன்றும் எங்கள் வீட்டில் சொல்வார்கள். சென்னை ஆளுநர் பக்கிங்ஹாம் கோமகன் தானியம் வாங்கிச் சேர்க்க முயன்றார். வைஸ்ராய் லிட்டன், சந்தையில் அரசு தலையிடக்கூடாது என்று அதை எதிர்த்தார். ரிச்சர்ட் டெம்பிளை அனுப்பினார்கள். நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் என்று கூலியைக் குறைத்தார் டெம்பிள். துறைமுகங்களிலிருந்து தானியம் வெளியே போய்க்கொண்டே இருந்தது. செத்தவர்கள் ஐம்பது லட்சத்துக்கும் மேல். தலையிடாமை என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு அந்த ஒரு பவுண்டுதான் நினைவுக்கு வரும்.

துறைமுகத்தான்:

தாதுவருடம் அவர்களுக்கு. நீங்கள் சொன்னதில் எதையும் மறுக்க மாட்டேன். அரசு தலையிட்டால் பஞ்சம் முற்றும் என்று ஸ்மித் எழுதிய தானிய வணிகப் பகுதியைக் கையில் வைத்துக்கொண்டுதான் அந்த அதிகாரிகள் பேசினார்கள்.

ஆனால் அது தடையற்ற வணிக ஆட்சியா? அதே ஆண்டுகளில் வட இந்தியாவில் சிந்து முதல் மகாநதி வரை உப்புக்காகச் சுங்க வேலி ஒன்று நின்றது. பல இடங்களில் முள்மரங்களை நட்டு வளர்த்த உயிர்வேலி. 1869ல் அதைக் காத்தவர்கள் ஏறத்தாழ 12,000 பேர். ஏழை ஒரு படி உப்பை வரி கட்டாமல் தூக்கி வராதபடி பார்ப்பதுதான் அவர்கள் வேலை. 1879ல்தான் அதைக் கைவிட்டார்கள். உப்புக்கு வேலி போட்ட அரசு, அரிசிக்கு மட்டும் சந்தையின் சுதந்திரத்தைப் பேசியது. ஒரு நாட்டைப் படைகொண்டு பிடித்து, அதன் வரியைத் தூக்கிக்கொண்டு போய், பிறகு நாங்கள் தலையிட மாட்டோம் என்று சொல்வது காப்டன் கேட்ட தலையிடாமை அல்ல.

இருந்தும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். கையில் காசு இல்லாதவனுக்குச் சந்தை சோறு போடாது. லிட்டன் அன்று செய்யத் தவறியதற்கு எந்தப் பொருளியல் நூலும் சாக்கு ஆகாது.

பின்னலாடைக்காரன்:

திருப்பூரிலிருந்து எழுதுகிறேன். என் சொந்த லாபத்தைக் கலந்தே பேசுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் அதுதான் முக்கியம்.

2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்காவுக்குப் பாகிஸ்தான் தேவைப்பட்டது. பாகிஸ்தான் கேட்டவற்றில் முக்கியமானது, எங்கள் துணிக்கு உங்கள் சந்தையைத் திறந்துவிடுங்கள், வரியைக் குறையுங்கள் என்பது. அந்த நாட்டு ஏற்றுமதியில் பாதிக்கும் மேல் ஜவுளி. ஜவுளி நகரமான ஃபைசலாபாதில் வேலை கிடைத்தால் இளைஞர்கள் தறிக்குப் போவார்கள் என்பது அவர்கள் வாதம். அமெரிக்கத் தென் மாநிலங்களின் ஜவுளி ஆலைக்காரர்கள் எதிர்த்தார்கள். கிடைத்தது சிறு கோட்டா தளர்வு மட்டும். பிறகு எல்லைப் பகுதிகளில் தயாராகும் பொருளுக்கு வரிவிலக்குத் தர ஒரு மசோதா வந்தது. அது சட்டமாகவே ஆகவில்லை. ஆனால் உதவிப் பணமாகவும் படைச் செலவு ஈடாகவும் பதினைந்து ஆண்டுகளில் 3,000 கோடி டாலருக்கு மேல் போயிற்று. அதில் பெரும்பங்கு ராணுவத்துக்கு.

அதாவது தையல்காரனிடம் ஒரு சட்டை வாங்குவதைவிடத் தளபதியிடம் காசோலை கொடுப்பது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது. சட்டை வாங்கினால் கரோலினாவில் ஓட்டுப் போகும். காசோலை கொடுத்தால் யாரும் கேட்க மாட்டார்கள்.

இப்போது என் மனதைச் சொல்கிறேன். அந்தச் சந்தை அன்று திறந்திருந்தால் முதலில் அடி வாங்கியிருப்பது திருப்பூர். 2014 ஜனவரியில் ஐரோப்பா பாகிஸ்தான் ஆடைகளுக்கு வரியை நீக்கியபோது, நாங்கள் ஒன்பது சதவீதத்துக்கு மேல் கட்டிக்கொண்டு அவர்களோடு போட்டி போட்டோம். ஆர்டர்கள் போயின. சங்கக் கூட்டத்தில் நானே எழுந்து, பயங்கரவாதத்துக்குத் துணைபோகும் நாட்டுக்குச் சலுகையா என்று பேசினேன். கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்து யோசித்தபோது, நான் பேசியது பயங்கரவாதத்தைப் பற்றி அல்ல, என் பனியன் விலையைப் பற்றி என்பது புரிந்தது. வெயிலை அடைத்தால் எங்கள் வியாபாரம் செழிக்கும் என்று மெழுகுவத்திக்காரர்கள் மனுக் கொடுப்பதாக 1845ல் பாஸ்தியா எழுதினார். அந்த மனுவில் என் கையெழுத்தும் இருந்தது. இப்போது என் கேள்வி, சலுகை அவர்களுக்கு ஏன் என்பதல்ல. எங்களுக்கும் அந்த வரி ஏன் என்பதுதான்.

வரலாற்று மாணவி:

பின்னலாடைக்காரன் அண்ணா, வறுமை ஒழிந்தால் பயங்கரவாதம் ஒழியும் என்ற இடத்துக்கு இது போய்விடக்கூடாது. ஆலன் க்ரூகரும் யிட்கா மலெச்கோவாவும் 2003ல் வெளியிட்ட ஆய்வு அதை ஆதரிக்கவில்லை. ஹிஸ்புல்லா போராளிகள் சுற்றியிருந்த மக்களைவிட ஏழைகளாகவோ படிக்காதவர்களாகவோ இருக்கவில்லை. 2001ல் விமானங்களைக் கடத்தியவர்களில் பொறியியல் படித்தவர்கள் உண்டு. எனவே வணிகத்தை ஆதரிப்பவர்கள் வேலை கொடுத்தால் குண்டு நின்றுவிடும் என்று சொல்லிக்கொண்டு போக முடியாது. வலுவான வாதம் வேறு: தலையீடு பகையை விதைக்கிறது, தடை அந்தப் பகையால் பிழைப்பவர்களுக்குச் சோறு போடுகிறது.

கிளாலிக்கடல்:

இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். மாணவி தங்கச்சி எழுதிய கடைசி வரிக்காக எழுதுகிறேன். நான் யாழ்ப்பாணம், இப்போது கனடாவில். அரசியல் பேச வரவில்லை. அடைக்கப்பட்ட ஊருக்குள் இருப்பது எப்படி என்பதை மட்டும் சொல்கிறேன்.

1990இல் மின்சாரம் போயிற்று. பிறகு தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியல் வந்தது. பெற்றோல், பற்றறி, சீமெந்து, யூரியா. புலிகள் இயக்கத்துக்குப் போய்விடும் என்பது அரசு சொன்ன காரணம். எனக்கு அப்போது பதினொரு வயது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் விட்டு, அந்தச் சிக்கன விளக்கில் நாலு பேர் சுற்றியிருந்து படித்தோம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து அண்ணன் மிதிக்க, டைனமோவில் வானொலி கேட்டோம். சவர்க்காரம் இல்லாத நாள்களில் அம்மம்மா பனம்பழக் களியில் உடுப்புத் தோய்த்தார். கார்புரேட்டரில் சில துளி பெற்றோல் விட்டு உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்களின் புகை இன்றும் என் மூக்கில் இருக்கிறது. கிளாலிக் கடலை இரவில் படகில் கடந்து சாமான் கொண்டு வந்தவர்களில் திரும்பி வராதவர்கள் இருந்தார்கள்.

தடை யாரைத் தொட்டது? யூரியா இல்லாமல் வெங்காயம் வைத்தவரைத் தொட்டது. மருந்துக்கு அலைந்தவரைத் தொட்டது. ஆயுதம் வைத்திருந்தவர்களிடம் எரிபொருள் இல்லாமல் போனதாக எனக்கு நினைவு இல்லை. ஒரு பொருள் அரிதாகிவிட்டால், அதை யார் பங்கிடுகிறார்களோ அவர்கள் கை ஓங்கும். 2002இல் போர்நிறுத்தம் வந்து, யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ-9 வீதி திறந்தபோது சாமான் விலை விழுந்தது. அப்போதும் இயக்கத்தார் வழியில் நிறுத்தி வரி எடுத்தார்கள், ஆனால் கடைக்குக் கடை விலை கேட்டு வாங்கும் நிலை வந்தது. 2006 ஓகஸ்டில் வீதி மூடப்பட்டதும் எல்லாம் பழையபடி போயிற்று.

துறைமுகத்தான்:

கிளாலிக்கடல் அக்கா, நான் புத்தகத்தில் தேடிய பதில் உங்கள் ஜாம் போத்தலில் இருக்கிறது. (அக்கா என்று நினைத்து எழுதுகிறேன், தவறென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.)

இராக்கிலும் இதே கதை. 1990 ஆகஸ்டில் ஐ.நா. விதித்த பொருளாதாரத் தடை 2003 வரை நீடித்தது. சதாம் உசேன் பதவியில் இருந்தார். குடும்பங்கள் அரசு ரேஷனை நம்பி வாழும் நிலைக்குப் போயின. அதனால் அவர் பிடி இறுகியது. மனிதாபிமான உதவிக்குப் பொறுப்பாக இருந்த டெனிஸ் ஹாலிடே 1998ல் பதவியை விட்டார். அவருக்குப் பின் வந்த ஹான்ஸ் ஃபான் ஸ்போனெக் 2000த்தில் விட்டார். ஐந்து லட்சம் குழந்தைகள் இறந்தார்கள் என்று அப்போது பேசப்பட்ட கணக்கு, இராக் அரசு திரித்த தரவில் எழுந்தது என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. அந்த எண்ணை நான் பயன்படுத்த மாட்டேன். ஆனால் தடையைத் தன் ஆள்சேர்ப்புக்கு ஆயுதமாக்கியவர் யார் என்பதில் ஐயமில்லை. 1998 பிப்ரவரியில் பின் லாடன் வெளியிட்ட அறிக்கையில் இராக் முற்றுகை ஒரு முக்கியக் குற்றச்சாட்டு.

சுபேதார் ஐயாவுக்கும் பதில் சொல்ல வேண்டும். பாதாம் வழக்கைப் பற்றி நான் யோசித்தேன். அங்கே பிடிபட்டது கலிஃபோர்னியா பாதாம். கட்டுப்பாட்டுக் கோட்டு வணிகத்தில் அது வரவே கூடாது. உள்ளூரில் விளைந்த 21 வகைப் பொருள்களுக்கு மட்டும்தான் வரிவிலக்கு. மும்பைத் துறைமுகம் வழியாக வந்தால் கலிஃபோர்னியா பாதாமுக்குச் சுங்கவரி உண்டு. கோட்டைத் தாண்டி உள்ளூர்ச் சரக்கு என்று வந்தால் வரி இல்லை. அந்த வித்தியாசம்தான் கள்ள லாபம். அந்த லாபம்தான் நீங்கள் சொல்லும் குழுக்களுக்குப் போனது. மேலும் அது பண்டமாற்று. வங்கிக் கணக்கு இல்லை, ரசீது இல்லை. மிளகாய் அனுப்பினால் பாதாம் வரும், விலையை வியாபாரியே எழுதிக்கொள்வார். இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சரக்கின் மதிப்பைச் சரிபார்க்கும் தொழிலில் இருக்கிறேன். கணக்கை ஒளிக்க வேண்டும் என்று ஒருவன் திட்டமிட்டாலும் இதைவிட நல்ல ஏற்பாடு கிடைக்காது.

2025 தடைக்குப் பிறகும் அதுவே. துபாய் வழியாகப் பெயர் மாறி வந்த பாகிஸ்தான் சரக்கு 39 கண்டெய்னர் பிடிபட்டது. உள்ளே இருந்ததில் உலர் பேரீச்சையும் உண்டு. நேர்வழியில் அட்டாரிக்கு வந்தபோது யார் அனுப்பினார், யார் வாங்கினார் என்று என் மேசையிலேயே தெரிந்திருக்கும்.

ஓய்வுபெற்ற சுபேதார்:

தம்பி, பாதாம் விஷயத்தில் நீங்கள் சொன்ன கோணம் எனக்குப் புதிது. அதை ஏற்கிறேன். பண்டமாற்று என்பதால் கணக்கே இல்லை என்பது நாங்கள் அங்கே நேரில் பார்த்தது.

ஆனால் ஒன்றில் நான் மாறவில்லை. பஹல்காம் நடந்த வாரத்தில் எந்த அரசாலும் அட்டாரியைத் திறந்து வைத்திருக்க முடியாது. மக்கள் மனம் அதைப் பொறுக்காது. நீங்கள் இதைப் பொருளாதாரமாகப் பார்க்கிறீர்கள். பிள்ளையை இழந்தவர்கள் அதை மரியாதையாகப் பார்க்கிறார்கள். அந்த மரியாதையை எந்தக் கணக்கிலும் எழுத முடியாது என்பதற்காக அது இல்லை என்று ஆகாது.

வரலாற்று மாணவி:

ஐயா, நீங்கள் சொல்வது புரிகிறது. அதே நிலைமை காப்டனுக்கும் வந்தது. 1859-60ல் மூன்றாம் நெப்போலியன் படையெடுத்து வரப்போகிறார் என்று இங்கிலாந்து நடுங்கிக்கொண்டிருந்தது. பாமர்ஸ்டன் தென்கரையில் கோட்டைகள் கட்டப் பணம் கேட்டார். அந்த நேரத்தில் காப்டன் பாரிஸில் உட்கார்ந்து பிரான்சோடு வணிக ஒப்பந்தம் பேசிக்கொண்டிருந்தார். 1860 ஜனவரியில் கையெழுத்தாயிற்று. பிரெஞ்சு ஒயினுக்கு வரி குறைந்தது, பிரிட்டிஷ் துணிக்கும் இரும்புக்கும் பிரான்சின் கதவு திறந்தது. கோட்டைகளும் எழுந்தன. இரண்டும் ஒரே அரசு செய்தவை. காவலும் வணிகமும் சேர்ந்தே நடக்க முடிந்தது என்பதற்காக இதைச் சொல்கிறேன். அங்கே நெப்போலியன் யாரையும் கொன்றிருக்கவில்லை என்ற வேறுபாடும் எனக்குத் தெரியும்.

தாதுவருடம்:

கிளாலிக்கடல் எழுதியதை இரண்டு முறை படித்தேன். லிட்டன் செய்ததும் கொழும்பு செய்ததும் எனக்கு ஒரே இடத்தில் வலிக்கிறது. ஒருவர் தானியத்தைக் கொண்டுவர மறுத்தார். இன்னொருவர் கொண்டுவர விடவில்லை. என் சண்டை வணிகத்தோடு அல்ல என்று மட்டும் இப்போதைக்குச் சொல்லி வைக்கிறேன்.

ஓய்வுபெற்ற சுபேதார்:

கடைசியாக ஒரு தகவல். சக்கன்-தா-பாக்கில் முழு லாரியை ஊடுருவிப் பார்க்கும் ஸ்கேனர் வேண்டும் என்று வியாபாரிகளே பல ஆண்டுகள் கேட்டார்கள். கள்ளச்சரக்கு ஏற்றுபவனால் ஒழுங்கான வியாபாரிக்கும் கெட்ட பெயர் வருகிறது என்பது அவர்கள் மனக்குறை. நான் இருந்தவரை வரவில்லை. ஒவ்வொரு மூட்டையையும் கையால் குத்திப் பார்த்துக்கொண்டு பையன்கள் வெயிலில் நின்றார்கள். திறப்பதா மூடுவதா என்பதை டெல்லி முடிவு செய்யட்டும். மறுபடி ஒருநாள் திறந்தால், முதல் லாரி வருவதற்கு முன்பே அந்த ஸ்கேனரும் ஒரு வங்கிக் கிளையும் அங்கே வர வேண்டும். அதற்கு மனுப் போடுவீர்களானால் என் கையெழுத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

துறைமுகத்தான்:

வரைவை இந்த வாரமே எழுதுகிறேன், ஐயா. சரக்கு மதிப்பீட்டுப் பகுதியை நான் பார்த்துக்கொள்கிறேன். சோதனை முறை பற்றிய பகுதியை நீங்கள்தான் எழுதித் தர வேண்டும்.